கரும்பலகைக்கு முன் பதினொரு சிறுவர்கள்: பக்தானவ்-பெல்ஸ்கியின் ‘மனக்கணக்கு’

கந்தல் சட்டையும் நார்க் காலணியும் அணிந்த ரஷ்யக் கிராமத்துச் சிறுவர்கள் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நின்று யோசிக்கும் ஓவியத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையில் இருந்த ஒரு பள்ளியா, பலகையில் உள்ள கணக்கை அந்தப் பிள்ளைகளால் மனத்திலேயே போட்டிருக்க முடியுமா, வறுமையைக் காட்டும் மற்ற ரஷ்ய யதார்த்த ஓவியங்களோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கலாமா என்பவை அவை. முதல் இரண்டுக்கும் ஆம் என்றே பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. ஓரளவு பொறுமையோடு பார்க்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

ஓவியத்தின் முழுப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ‘மனக்கணக்கு. எஸ். ஏ. ராச்சின்ஸ்கியின் மக்கள் பள்ளியில்’ என்பது நிகொலாய் பக்தானவ்-பெல்ஸ்கி 1895-இல் அதற்குக் கொடுத்த பெயர். இன்று மாஸ்கோவின் திரெத்யகோவ் காட்சியகத்தில் இருக்கும் இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தை அச்சில் காண்பவர்கள் பெரும்பாலும் பெயரின் முதல் பாதியை மட்டுமே அறிந்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி உதிர்ந்துபோனதும் படம் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு பள்ளியாக, ஏழைப் பிள்ளைகளின் பொதுவான சித்திரமாக மாறிவிடுகிறது. ஆனால் ஓவியர் தீட்டியது பெயரும் ஊரும் உள்ள ஒரு வகுப்பறையை. அதே பள்ளியில் அவர் மாணவராகப் படித்தவர். இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் படத்தின் பல நுட்பங்கள் பிடிபடும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் படத்தில் இருப்பதைப் பார்ப்போம். அகலத்தைவிட உயரம் மிகுந்த ஓவியம் இது. ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் உயரமும் 79 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பலரைச் சேர்த்துத் தீட்டும்போது ஓவியர்கள் வழக்கமாக அகலவாக்கில் இடம் விட்டு ஆட்களைப் பரப்புவார்கள். இவரோ குறுகிய இடத்தில் பதினொரு சிறுவர்களையும் ஓர் ஆசிரியரையும் நெருக்கி நிறுத்தியிருக்கிறார். கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு பின்னம் எழுதப்பட்டிருக்கிறது. மேலே 10², 11², 12², 13², 14² ஆகிய ஐந்து வர்க்கங்களின் கூட்டலும் கீழே 365 என்ற எண்ணும் உள்ளன. ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார், கறுப்பு உடை அணிந்த, நகரத்துப் படித்தவரின் தோற்றம் அவருக்கு. பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். அதனால் அவருடைய தலை ஏறக்குறைய அவர்களின் தலை மட்டத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு சிறுவன் அவர் காதருகே குனிந்து விடையை மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் இன்னும் கணக்கிலேயே இருக்கிறார்கள்.

அந்த ரகசியப் பேச்சை நான் இந்தப் படத்தின் மையமாகக் கருதுகிறேன். கணக்கு முடித்தவன் உரக்கக் கத்தியிருந்தால் மற்ற பத்துப் பேரின் சிந்தனையும் அந்தக் கணத்திலேயே நின்றுபோயிருக்கும். காதில் சொல்வதால் முடித்தவனுக்கு அவனுடைய மகிழ்ச்சி கிடைக்கிறது, முடிக்காதவர்களுக்கு அவர்களுடைய நேரம் கிடைக்கிறது. ஆசிரியரும் முகத்தால் எதையும் காட்டிக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்து ஒரு நாள் பார்த்துப் போகும் ஓவியர் கரும்பலகையைத் தீட்டியிருப்பார், கந்தலைத் தீட்டியிருப்பார். வகுப்பின் இந்த ஒழுங்கு அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயம்தான். பலகைக்கு முன் நின்று தானும் ஒரு காலத்தில் விடை தேடியவருக்கு அது மறக்கவே முடியாதது.

முன்னால் தனித்து நிற்கும் சிறுவனைப் பாருங்கள். அவன் பலகைக்கு முதுகைக் காட்டியபடி, மோவாயில் கை வைத்து, எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். சட்டை கிழிந்திருக்கிறது, காலில் மரப்பட்டை நாரால் பின்னிய ‘லாப்தி’ என்னும் காலணி. கணக்கைப் பார்க்காமல் திரும்பி நிற்பவன் கவனமில்லாதவன் என்று ஒருவர் நினைக்கலாம். உண்மையில் மனக்கணக்கின் இயல்பையே அவன் காட்டுகிறான். எண்களைக் கண்ணால் ஒரு முறை வாங்கிக்கொண்டபின் பலகை தேவையில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இடைஞ்சல். சிந்தனை என்பது கண்ணுக்குத் தெரியாத செயல் என்பதால் அதைத் தீட்டுவது ஓவியர்களுக்கு எப்போதும் கடினம். வண்டி இழுப்பதையும் வைக்கோல் அறுப்பதையும் உடலின் வளைவால் காட்டிவிடலாம். ஐந்து வர்க்கங்களைக் கூட்டுவதை எதனால் காட்டுவது? பக்தானவ்-பெல்ஸ்கி பதினொரு விதமான நிற்றல்களாலும் பார்வைகளாலும் காட்டினார். ஒருவன் இன்னும் எண்களிலேயே கண் வைத்திருக்கிறான், ஒருவன் பாதி வழியில் சிக்கிக்கொண்டதுபோல் இருக்கிறான், ஒருவனுக்கு விடை நெருங்கிவிட்டது போலத் தோன்றுகிறது. ஒரே முகபாவத்தை இரு முறை அவர் பயன்படுத்தவில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். இது ஓவியர் அழகுக்காகப் பலகையில் கிறுக்கியது அல்ல. ஐந்து வர்க்கங்களையும் தனித்தனியே கண்டால் 100, 121, 144, 169, 196 என வரும். இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் மனத்தில் அது சற்றுத் தடுமாற வைக்கும். இதைவிட நல்ல வழி, நடுவில் இருக்கும் 12-ஐப் பிடித்துக்கொள்வது. மற்ற நான்கும் 12-இலிருந்து ஒன்றும் இரண்டும் குறைந்த, ஒன்றும் இரண்டும் கூடிய எண்கள். 11-இன் வர்க்கத்தையும் 13-இன் வர்க்கத்தையும் சேர்த்தால் 144-இன் இரு மடங்கோடு 2 மட்டுமே கூடும்; 10-க்கும் 14-க்கும் அதேபோல் செய்தால் இரு மடங்கோடு 8 கூடும். ஆக மொத்தம் 144-இன் ஐந்து மடங்கான 720-உடன் 10 சேர்ந்து 730. அதை 365-ஆல் வகுத்தால் 2. இப்படிச் செய்பவனுக்குப் பெருக்கல் வாய்பாடும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

இதைவிட அழகான இன்னொரு வழியும் உண்டு. முதல் மூன்று வர்க்கங்களையும் கூட்டினால் 100 + 121 + 144 = 365. கடைசி இரண்டையும் கூட்டினால் 169 + 196 = 365. கீழே இருப்பதும் அதே 365. எனவே வகுத்தலே தேவையில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு. முதல் மூன்றைக் கூட்டி 365 வந்த கணத்தில் ஒரு சிறுவன் பலகையின் கீழ் வரியைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பான். மிச்ச இரண்டையும் கூட்டி மறுபடி அதே எண் வந்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டின் நாள்களின் எண்ணிக்கையும் இதுவே என்பதால் எண்ணைச் சிறுவர்களுக்கு நினைவில் வைப்பது எளிது.

ஐந்து அடுத்தடுத்த எண்களில் முதல் மூன்றின் வர்க்கக் கூட்டலும் கடைசி இரண்டின் வர்க்கக் கூட்டலும் சமமாக இருப்பது அரிய நிகழ்வு. இரண்டாவது எண்ணை y என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் 3y² + 2 என்றும் வலப்பக்கம் 2y² + 10y + 13 என்றும் வரும். இரண்டையும் சமப்படுத்தினால் y² − 10y − 11 = 0. இதன் தீர்வுகள் 11-உம் −1-உம் மட்டுமே. முதலாவது பலகையில் உள்ள 10 முதல் 14 வரையிலான வரிசையைத் தருகிறது. இரண்டாவது −2, −1, 0, 1, 2 என்ற வரிசையைத் தருகிறது. அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அதாவது நேர்ம எண்களில் இப்படிப்பட்ட ஐந்து எண்கள் உலகத்தில் ஒரே ஒரு தொகுதிதான் உண்டு, அது இந்தக் கிராமத்துப் பலகையில் இருக்கிறது. இதற்கு முன்னும் பின்னும் உறவு எண்கள் இருக்கின்றன. மூன்று எண்களில் 3² + 4² = 5² என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு எண்களில் 21, 22, 23, 24 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 2030; 25, 26, 27 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் 2030. பலகையில் இருப்பது இந்தத் தொடரின் இரண்டாவது படி.

இப்படி ஒரு கணக்கைக் கிராமத்துப் பள்ளியில் எழுதிப்போடக்கூடிய ஆசிரியர் யார் என்ற கேள்வி இயல்பாகவே எழும். சேர்கேய் அலெக்சாந்திரவிச் ராச்சின்ஸ்கி (1833–1902) மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை 1864-இல் முதன்முதலாக ரஷ்ய மொழியில் பெயர்த்தவர் அவரே. இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1871-இல் எழுதிய தம் முதல் நரம்பிசை நால்வர் படைப்பை இவருக்குக் காணிக்கையாக்கினார். இவருடைய தாய் கவிஞர் பரத்தீன்ஸ்கியின் சகோதரி. இப்படிப்பட்ட ஒருவர் 1860-களின் இறுதியில் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, 1872-இல் ஸ்மலேன்ஸ்க் மாகாணத்தில் பேலி வட்டத்தைச் சேர்ந்த தம் குடும்ப ஊரான தாத்தேவோவுக்குத் திரும்பினார். அந்த ஊர் இன்று த்வேர் மாநில எல்லைக்குள் இருக்கிறது. ஊர்ப் பள்ளியின் கணக்கு வகுப்பு ஒன்றைக் கண்டு அதன் வறட்சியில் மனம் வருந்தித் தாமே பாடம் நடத்தத் தொடங்கினார். பிறகு தம் செலவில் மாணவர் தங்கும் வசதியோடு பள்ளிக் கட்டடம் எழுப்பி, பண்ணை மாளிகையை விட்டு அந்தப் பள்ளியிலேயே குடியேறிவிட்டார்.

அவர் தொகுத்த ‘மனக்கணக்குக்கு 1001 கணக்குகள்’ என்ற பயிற்சி நூல் பின்னர் அச்சாகி வந்தது. மனக்கணக்கின் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதை விளங்கிக்கொள்ள அந்தக் காலத்து ரஷ்ய அளவைகளைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். எடையில் ஒரு பூத் என்பது 40 ஃபுந்த்; ஒரு ஃபுந்த் என்பது 96 ஜலத்னிக். நீளத்தில் ஒரு சாஜென் என்பது 3 அர்ஷின். ஒரு அர்ஷின் என்பது 16 வெர்ஷோக். ஒரு வெர்ஸ்தா என்பது 500 சாஜென். நிலத்தில் ஒரு தெசியத்தீனா என்பது 2400 சதுர சாஜென். சந்தையில் மூன்றரை பூத் சணல்நார் விற்கும் குடியானவனிடம் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை, பல நேரம் எழுத்தறிவும் இல்லை. எதிரே நிற்கும் வணிகனிடமோ கணக்குப் போடும் மணிச்சட்டம் இருக்கிறது. பிசகினால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தின் மடங்குகளில் அடங்காத இந்த அளவைகளைத் தலைக்குள்ளேயே புரட்டிப்போடத் தெரிந்த பையன் தன் வீட்டுக்குக் காவலனாகிறான். ஆகவே மனக்கணக்கு அங்கே விளையாட்டாகவும் இருந்தது, வயிற்றுப்பாடாகவும் இருந்தது.

இத்தகைய கணக்கு அன்றைய தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்ததா என்றால், இல்லை. வர்க்கம், படி என்ற கருத்துகளே அரசின் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் இடம்பெறவில்லை. ராச்சின்ஸ்கி அந்தத் திட்டத்தைப் பின்பற்றவில்லை. குடியானவர் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் இயல்பாகவே நல்ல திறன் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். அதனால் பாடத்தைக் கடினமாக்க அவர் தயங்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு எளிய பாடம் போதும் என்று எண்ணும் இரக்கத்தைவிட இந்த நம்பிக்கை மேலானது என்பது என் கருத்து. படத்தில் ஆசிரியரின் முகத்தில் இரக்கம் தெரியவில்லை, எதிர்பார்ப்பு தெரிகிறது.

ஓவியரின் வாழ்க்கையே இந்த நம்பிக்கைக்கு ஒரு சான்று. நிகொலாய் 1868-இல் பேலி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நிலமற்ற ஏழைக் கூலிப் பெண்ணுக்கு மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவர். ‘பக்தான்’ என்றால் கடவுள் கொடுத்தவன். தந்தை பெயர் இல்லாத பிள்ளைகளுக்கு அந்நாளில் வழக்கமாகச் சூட்டப்பட்ட பெயர்களில் ஒன்றிலிருந்து வந்த குலப்பெயர் அது. வட்டத்தின் பெயரான பேலியிலிருந்து ‘பெல்ஸ்கி’ பிற்பாடு சேர்ந்தது. தாத்தேவோ பள்ளியில் சேர்ந்த அவருடைய வரையும் கையைக் கவனித்த ராச்சின்ஸ்கி அவரை முதலில் திரித்துவ-செர்கி மடத்தின் திருவுருவ ஓவியப் பட்டறைக்கும், பிறகு மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளிக்கும் அனுப்பினார். மாஸ்கோவில் பலேனவ், பிரியானிஷ்னிகவ் போன்றவர்களிடமும், பின்னர் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் ரேப்பினிடமும் அவர் பயின்றார். 1889-இல் தீட்டிய ‘வருங்காலத் துறவி’ என்ற படம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அது பிறகு பேரரசி மரீயா ஃபியோதரவ்னாவிடம் போய்ச் சேர்ந்தது. ‘மனக்கணக்கு’ தீட்டியபோது அவருக்கு வயது இருபத்தாறோ இருபத்தேழோதான். ஆசிரியருக்கு அறுபதைக் கடந்திருந்தது. ஆக, இந்தப் படம் நினைவிலிருந்து வந்ததா, கண்முன் இருந்ததா என்று பிரிக்க முடியாது. அவர் படித்து முடித்து வெளியேறிய பின்னும் அந்தப் பள்ளி நடந்துகொண்டிருந்தது, அதே ஆசிரியர் அங்கேயே இருந்தார், அவர் காலத்துப் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள் பலகை முன் நின்றார்கள்.

இனி மூன்றாவது கேள்வி. ரஷ்ய யதார்த்த ஓவியத்தில் கிராமம் என்பது பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே நுழைந்தது. பண்ணையடிமை முறை 1861-இல் ஒழிந்தது. 1863-இல் பதினான்கு மாணவர்கள் கலைக் கழகம் கொடுத்த புராணத் தலைப்பை மறுத்து வெளியேறினார்கள். 1870-இல் ‘பெரெத்விஷ்னிகி’ எனப்படும் பயணக் கண்காட்சி ஓவியர் சங்கம் உருவாகி, அதன் முதல் காட்சி 1871-இல் நடந்தது. தலைநகரத்துப் படங்களை மாகாண நகரங்களுக்கு எடுத்துச் செல்வது அதன் நோக்கம். பெரோவ் 1865-இல் தீட்டிய படம் ஒன்றில், பனியில் போகும் சறுக்குவண்டியில் கணவனின் சவப்பெட்டியை எடுத்துச்செல்லும் பெண்ணின் முதுகு மட்டும் தெரிகிறது. இரு பிள்ளைகள் பெட்டியின் இரு பக்கமும் இருக்கிறார்கள். அந்த முதுகின் வளைவு ஒன்றே போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மியசயேதவ் 1872-இல் தீட்டிய ‘உள்ளாட்சி மன்றம் உணவு அருந்துகிறது’ படத்தில், சட்டப்படி சமமான குடியானவ உறுப்பினர்கள் தெருவில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் தின்கிறார்கள். சன்னலுக்குள் ஒரு பணியாள் கனவான்களின் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கனவான்களை ஓவியர் காட்டவே இல்லை. கூர்மையான படம் அது.

பக்தானவ்-பெல்ஸ்கி இந்த மரபின் அடுத்த தலைமுறை. பயணக் கண்காட்சிகளில் அவரும் பங்கு கொண்டார். ஆனால் மூத்தவர்கள் கிராமத்துக்குச் சென்று பார்த்தவர்கள். இவர் கிராமத்திலிருந்து வந்தவர். இந்த வேறுபாடு படத்தில் தெரிகிறது. கந்தல் இருக்கிறது; அதை அவர் மறைக்கவில்லை, கழுவி வெளுக்கவில்லை. அதே நேரம் கந்தலை முன்னால் நிறுத்தி நம்மிடம் நீதி கேட்கவும் இல்லை. கிழிந்த சட்டைக்காரன் நம் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. நம்மைக் கவனிக்கவே அவனுக்கு நேரமில்லை. படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் சட்டை கிழிந்திருப்பது எப்போதும் நினைவில் இருப்பதில்லை என்பதை அதை அணிந்து வளர்ந்தவர் அறிவார். வறுமை இந்தப் படத்தில் உடையாக இருக்கிறது; படத்தின் பொருள் வேறு. இதை மென்மைப்படுத்தப்பட்ட யதார்த்தம் என்று குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பில்லை. ஏழையின் துன்பத்தை மட்டும் உண்மையென ஏற்று அவனுடைய அறிவை அலங்காரமென்று தள்ளுவது அரைகுறைப் பார்வை.

அதற்காக ராச்சின்ஸ்கியை முற்போக்கு வீரராக்கிவிடவும் கூடாது. அவர் பண்ணையார் குடும்பத்தவர். அவருடைய மாணவர்கள் முன்னாள் பண்ணையடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். பள்ளியின் ஆன்மா திருச்சபை என்று அவர் நம்பினார். திருச்சபை வழிபாட்டுக்குரிய பழைய மொழியான சர்ச் ஸ்லாவோனிய வாசிப்பும் வழிபாட்டுப் பாடலும் அவர் பள்ளியில் கணக்குக்கு இணையான இடம் பெற்றன. வகுப்பறைச் சுவரில் குழந்தையோடு இருக்கும் இறைவனின் தாயின் திருவுருவம் தொங்குவதைப் படத்திலும் காணலாம். பேரரசின் மிகப் பழமைவாத அதிகாரிகளில் ஒருவரான பபெதனோஸ்த்செவ் அவருடைய நண்பர். திருச்சபைப் பங்குப் பள்ளிகளுக்கான 1884-ஆம் ஆண்டு விதிகளின் பின்னே ராச்சின்ஸ்கியின் அனுபவமும் எழுத்தும் இருந்தன. டார்வினை மொழிபெயர்த்தவரும் இவர்தான், திருச்சபைப் பள்ளிக்கு வாதாடியவரும் இவர்தான். சோவியத் காலத்தில் படம் பள்ளிப் பிள்ளைகளிடையே மிகப் பரவலாக அறியப்பட்டதும், ஆசிரியரின் பெயர் பின்னுக்குப் போனதும் இதனோடு சேர்த்து எண்ணிப்பார்க்கத் தக்கவை. கணக்கும் கந்தலும் புதிய ஆட்சிக்குப் பொருந்தின. திருச்சபைக்காரரான பண்ணையார் பொருந்தவில்லை.

படத்தில் இல்லாததையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். பதினொரு பிள்ளைகளில் ஒரு பெண் குழந்தைகூட இல்லை. இந்தப் படம் தீட்டப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1897-இல் எடுக்கப்பட்ட பேரரசின் முதல் பொது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர். ஆண்களில் 29 பேர், பெண்களில் 13 பேர். எனவே கரும்பலகைக்கு முன் நிற்கும் பையன்களே நாட்டில் சிறுபான்மையினர். அவர்களின் அக்கா தங்கைகள் அந்த அறைக்கு வெளியே, பெரும்பாலும் நூற்பிலும் குழந்தை பார்ப்பதிலும் இருந்திருப்பார்கள். ஓவியர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய வகுப்பை இருந்தபடி தீட்டினார். அந்த இன்மையைக் கவனிப்பது நம் வேலை.

படத்தை நேரில் காண வாய்க்காவிட்டாலும், நல்ல தெளிவான படியை எடுத்துப் பார்க்கும்போது பலகையை விரலால் மறைத்துக்கொண்டு முகங்களை மட்டும் முதலில் பாருங்கள். அவர்கள் எதையோ கேட்கிறார்களா, எதற்கோ காத்திருக்கிறார்களா என்று சொல்ல முடியாமல் ஒரு மௌனம் மட்டும் தெரியும். பிறகு விரலை எடுத்துவிட்டுக் கணக்கை நீங்களே மனத்தில் போடுங்கள், தாளை எடுக்காதீர்கள். போட்டு முடிக்கும்வரை நீங்களும் பன்னிரண்டாவது மாணவராக அந்த நெரிசலில் நிற்பீர்கள். மற்ற கிராமத்து ஓவியங்கள் நம்மைப் பார்வையாளராக வெளியே நிறுத்துகின்றன. இந்தப் படத்தில் மட்டும் அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை நாமும் அப்படியே செய்ய முடிகிறது. ஓவியக் கலையில் இப்படி வாய்ப்பது மிக அரிது.

பக்தானவ்-பெல்ஸ்கி பிற்காலத்தில் புகழ்பெற்ற உருவப்பட ஓவியரானார். 1903-இல் கலைக் கழகத்தின் ‘அகதேமிக்’ பட்டமும் பெற்றார். புரட்சிக்குப் பின் 1921-இல் லாத்வியாவின் ரீகாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கும் நாட்டுப்புறப் பிள்ளைகளையே மீண்டும் மீண்டும் தீட்டினார். 1945-இல் பெர்லினில் இறந்தார். அவருடைய மற்ற படைப்புகளில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: 1897-இல் தீட்டி, இன்று பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பள்ளி வாசலில்’. அதில் கந்தல் உடுத்து, தோளில் பையோடு ஒரு சிறுவன் வகுப்பின் வாசற்படியில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். உள்ளே பிள்ளைகள் மேசைகளில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவன் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அவன் காலடிக்கும் உள்ளே உள்ள வெளிச்சத்துக்கும் இடையே ஒரு வாசற்படிதான் இருக்கிறது. அந்தச் சிறுவனைப் பார்த்துவிட்டு மறுபடி ‘மனக்கணக்கு’க்கு வந்து, முன்னால் மோவாயில் கை வைத்து நிற்பவனைப் பாருங்கள். இரு படங்களிலும் கிழிசல் கிட்டத்தட்ட ஒன்றுதான். இவன் வாசற்படியைத் தாண்டிவிட்டான். இப்போது 144-ஐ எத்தனை முறை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.